வினாத்தாளுக்குள் ஒடுங்கிய ஆங்கிலம்: கலேவெலவை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

குருநாகலிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் ஏ6 பெருந்தெருவில் அமைந்திருக்கிறது கலேவெல. மாத்தளை மாவட்டத்தின் நான்கு கல்வி வலயங்களில் ஒன்று இவ்வூரின் பெயரில் இயங்குகிறது. மாத்தளை, நாவுல, வில்கமுவ ஏனைய மூன்று. சிங்களப் பெரும்பான்மையோடு தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பங்களும் வாழும் இப்பகுதியில், தமிழ்மொழி மூலம் கற்கும் பிள்ளைக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி.

கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் என நான்கு அடிப்படைத் திறன்களைப் பாடத்திட்டம் வகுத்திருக்கிறது. ஆனால் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை நெருங்கும்போது நடக்கும் மீட்டலில் பின்னிரண்டுக்கே இடம். இந்தக் குறுக்கம் நேற்று வந்ததன்று. அதற்கு இரண்டு நூற்றாண்டு வரலாறு உண்டு.

அமெரிக்க மிஷனரிமார் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரி, ஆங்கிலத்தையும் தமிழையும் சேர்த்தே கற்பித்தது. கணிதமும் வானியலும் ஆங்கிலத்தில் படித்த மாணவன் அம்மொழியைத் தனியே மீட்ட வேண்டியிருக்கவில்லை. பாடத்தைக் கேட்பதும் பதில் சொல்வதுமே பயிற்சியாயிற்று. செமினரி 1855இல் மூடப்பட்டது. இதற்கிடையே கோல்புரூக் ஆணைக்குழு ஆங்கிலக் கல்வியை அரச கொள்கையாக்கப் பரிந்துரைக்க, 1836இல் கொழும்பு அகடமி அரச பாடசாலையானது. நிர்வாக உத்தியோகத்துக்கு ஆள் தேடிய அந்த ஏற்பாடு நகரங்களைத் தாண்டி அதிகம் செல்லவில்லை. ஆங்கிலப் பாடசாலையில் கட்டணம், கிராமத்துச் சுயமொழிப் பாடசாலையில் இலவசம் என்ற பிரிவினை நூறாண்டு நீடித்தது.

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா முன்னெடுத்த இலவசக் கல்வி 1945 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தபோது அந்தச் சுவரில் விரிசல் விழுந்தது. அதற்கு முந்திய ஆண்டில் அரசாங்க சபையில் ஜே. ஆர். ஜயவர்தன சிங்களத்தை முன்வைத்துக் கொண்டுவந்த பிரேரணை, தமிழையும் சேர்த்துத் திருத்தப்பட்டு நிறைவேறியது. ஆரம்ப வகுப்புகள் தாய்மொழிக்கு மாறின. 1950களில் இடைநிலை வகுப்புகளும் படிப்படியாகத் தொடர்ந்தன. கிராமத்துப் பிள்ளைக்கு அறிவியலும் வரலாறும் தன் மொழியில் கிடைத்தது பெரும் பேறு. அதே மாற்றத்தில் ஆங்கிலம், பாடங்களைச் சுமந்த மொழி என்ற நிலையிலிருந்து வாரத்தில் சில பாடவேளைகள் மட்டும் பெறும் ஒரு பாடமாகியது. எல்லாப் பிள்ளைகளுக்கும் அது உரியதாயிற்று. எல்லாப் பாடசாலைகளுக்கும் போதிய ஆங்கில ஆசிரியர்கள் கிடைக்கவில்லை.

1956இன் அரசகரும மொழிச் சட்டம் ஆங்கிலத்தின் பழைய இடத்தைப் பறித்தது. 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் அதனை இணைப்பு மொழியாக மீண்டும் அழைத்தது. அடுத்து வந்த 1997 கல்விச் சீர்திருத்தம் பேச்சின் பக்கம் திரும்பியது. கம்பஹா மாவட்டத்தில் முன்னோடியாகப் பரீட்சிக்கப்பட்டு 1999இல் நாடெங்கும் பரவிய அத்திட்டத்தில், முதலாம் தரத்திலேயே செயற்பாடுகளினூடே வாய்மொழி ஆங்கிலம் புகுந்தது. முறையான பாடம் மூன்றாம் தரத்தில் தொடங்கியது. 2009 'ஆங்கிலம் மற்றும் தகவல் தொழினுட்ப ஆண்டு' என அறிவிக்கப்பட்டபோதும் வலியுறுத்தப்பட்டது தயக்கமின்றிப் பேசுவதே.

பரீட்சை மட்டும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. இரண்டு எழுத்து வினாத்தாள்களே பிள்ளையின் ஆங்கிலத்தை அளந்து வந்தன. உயர்தரத்துக்குத் தகுதிபெறத் தாய்மொழியில் சித்தி வேண்டும். ஆங்கிலத்தில் சித்தி கட்டாயமன்று. உயர்தரத்தில் வரும் பொது ஆங்கிலமும் பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளியில் சேர்வதில்லை. ஆகவே மீட்டல் என்பது கடந்தகால வினாத்தாள் செய்வதென்றே பொருள்பட்டது. பாடசாலையிலும் தனியார் வகுப்பிலும் கடிதத்தின் அமைப்பு, கட்டுரையின் தொடக்க வாக்கியங்கள், வெற்றிடம் நிரப்பும் உத்திகள் மனனமாகின்றன.

கலேவெல போன்ற இருமொழிச் சூழலில் இந்த முறை ஒரு வாய்ப்பையும் தவறவிடுகிறது. தமிழ் எழுத்து 'ப' ஒன்றிலேயே இரண்டு ஒலிகளை அடக்குவதால், ஆங்கிலத்தின் 'p', 'b' என்னும் இரு எழுத்துகளைத் தமிழ்ப் பிள்ளை மாற்றி எழுதுவது வழக்கம். சிங்கள எழுத்தோ அவ்வொலிகளைத் தனித்தனியே காட்டுகிறது. இரண்டாம் மொழியாகச் சிங்களம் கற்கும், கடைத்தெருவில் அதைப் பேசும் பிள்ளையின் காதில் அந்த வேறுபாடு ஏற்கெனவே இருக்கக்கூடும். வாக்கிய அமைப்பில் நிலைமை வேறு. தமிழிலும் சிங்களத்திலும் வினை கடைசியில் வரும். ஆங்கிலத்தில் எழுவாய்க்கு அடுத்து வரும். பெயருக்குப் பின்னால் ஒட்டும் வேற்றுமை உருபு அங்கே முன்னால் நிற்கும் தனிச்சொல்லாகிவிடும். 'a', 'the' என்னும் சார்படைகளுக்கும் தமிழில் நேர் இணையில்லை.

இத்தகைய இடர்ப்பாடுகள் பலவற்றை வினாத்தாளுக்கு முன்பே செவியும் வாயும் காட்டிக்கொடுக்கும். ஆசிரியர் சொல்லும் இரு ஒலிகளை மாணவர் பிரித்தறிவதும், வாசித்த பந்தியைத் தம் சொற்களில் அயலில் இருப்பவருக்குக் கூறுவதும், கூறியதையே பின்னர் எழுதுவதும் பத்து நிமிடத்தில் அடங்கக்கூடிய மீட்டல்கள். ஒலிப்பதிவுக் கருவிகூடத் தேவையில்லை. 1999இல் முதலாம் தரத்துக்கென வகுக்கப்பட்ட வாய்மொழி முறையைப் பதினோராம் தரத்தின் மீட்டல் வேளைக்கும் நீட்டிப்பது, பாடத்திட்டம் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட நான்கு திறன்களை வகுப்பறைக்குள் மறுபடி சேர்க்கும் வழியாகும்.