தேக்கும் அப்பாவோட ரெண்டாயிரம் ரூபாயும்

அப்பாவோட டிரங்குப் பெட்டியைக் குடைஞ்சப்போ ஒரு பத்திரம் சிக்கிச்சு. மேலே பச்சையா ஒரு மரப்படம். 1990-களில் "தேக்குல பணம் போடுங்க, இருபது வருஷத்துல லட்சாதிபதி"ன்னு ஊர் ஊரா அலைஞ்சாங்களே, அந்தக் கும்பல்ல ஒண்ணு. அப்பா ரெண்டாயிரம் கட்டியிருக்கார். 1999-ல் செபி விதிமுறை கொண்டுவந்ததும் இந்த மாதிரி பல கம்பெனிகள் மூட்டை கட்டிடுச்சு. இப்போ கம்பெனியும் இல்லை, மரமும் இல்லை, அப்பாவும் இல்லை.

மனசு கேக்காம தேக்கோட சரித்திரத்தைத் தேடினேன். போய் நின்ன இடம் நிலம்பூர்.

அந்தக் காலத்துல கப்பல் கட்ட மலபார் தேக்குக்கு ஏக கிராக்கி. ஓக் மரத்துல இருக்கற அமிலம் இரும்பு ஆணியை அரிச்சிடும். தேக்குல எண்ணெய்ப் பசை இருக்கறதால ஆணிக்குச் சேதமில்லை. வைரம் பாஞ்ச கட்டையைக் கரையானும் லேசுல தொடாது. 1817-ல் மலபார் தேக்கை வெச்சு பம்பாயில் கட்டின 'டிரிங்கோமலி'ங்கற போர்க்கப்பல் இன்னிக்கும் இங்கிலாந்துல ஹார்ட்டில்பூலில் மிதக்குது, தெரியுமோ?

வெட்டினாங்க, வெட்டினாங்க, காடு மொட்டையாச்சு. மலபார் அப்போ நம்ம மதராஸ் மாகாணத்துல இருந்தது. 1840-களில் அங்கே கலெக்டரா இருந்த கனோலி, நட்டே வளர்க்கலாம்னு இறங்கினார். ஆனா விதை முளைச்சாத்தானே! தேக்கு விதையோட ஓடு அவ்வளவு கெட்டி. 1844-ல் சாத்து மேனன்னு ஒருத்தர் பொறுப்புக்கு வந்தார். விதையை ஊறவெச்சு, நாத்தங்காலில் முளைக்க வெச்சு, மழைக்காலத்துல பிடுங்கி நட்டார். 1862 வரைக்கும் இதே வேலைதான். லட்சக்கணக்கான மரம்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. 1855-ல் கோழிக்கோட்டில் தன் பங்களாவிலேயே கனோலி கொலையானார். நட்ட மரம் தடிமனாகறதை அவர் பார்க்கவே இல்லை. 1860-ல் இங்கிலாந்து இரும்புலயே ஒரு பெரிய போர்க்கப்பலை இறக்கிடுச்சு. எதுக்காக நட்டாங்களோ அந்தத் தேவையே கொஞ்சம் கொஞ்சமா போயிடுச்சு! மரம் மட்டும் பாட்டுக்கு வளர்ந்தது. வீட்டு நிலையாவும், கதவாவும், கட்டிலாவும் ஆச்சு.

அன்னிக்கு நட்டதுல மிச்சமிருக்கறது ரெண்டு ஹெக்டேருக்குக் கொஞ்சம் மேல. அதுக்கு 'கனோலி பிளாட்'னுதான் பேர். நாத்து வளர்த்த மேனன் பேரை அதுக்கு வைக்கலை. நம்ம ஊர் வழக்கம்தானே :-)

நிலம்பூரில் நட்ட தேக்கை முழுசா வெட்ட 50, 60 வருஷம் காத்திருப்பாங்க. இருபது வருஷ மரத்துல வைரம் கொஞ்சம்தான் இருக்கும். இது அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்காதான்னு முதல்ல கோபம் வந்தது. பத்திரத்தைத் திருப்பிப் பார்த்தேன். வாரிசுன்னு போட்ட இடத்துல என் பேர். அப்போ எனக்கு வயசு பத்து.

கிழிச்சுப் போட மனசு வரலை. பெட்டியிலேயே வெச்சுட்டேன். வர்ற மழைக்குக் கொல்லையில ஒரு தேக்கு நாத்து நடணும். வெட்டப்போறது நான் இல்லை, அது நிச்சயம்.

உங்க வீட்டு நிலைக்கதவு எந்த மரம்? யார் வெச்சது? தெரிஞ்சா சொல்லுங்களேன்.