தருமபுரி மாவட்டத்தில் கைப்பேசிக் காணொளிகள்

தருமபுரி மாவட்டத்தில் ஒளிப்பதிவு என்றால் ஒரு காலத்தில் ஒகேனக்கல்லில் வந்து இறங்கும் சினிமாப் படப்பிடிப்புக் குழுதான். 1992இல் வெளிவந்த ‘ரோஜா’ படத்தின் ‘சின்னச் சின்ன ஆசை’ பாடலில் ஒகேனக்கல் அருவியைப் பார்க்கலாம். இன்று பரிசலில் ஏறுகிறவர்கள் எல்லார் கையிலும் கேமரா இருக்கிறது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்ததும் எடுத்த படத்தை உடனே அனுப்புவது பழக்கமாயிற்று. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் தடைசெய்யப்பட்டும் அந்தப் பழக்கம் குறையவில்லை. ஷார்ட்ஸுக்கும் ரீல்ஸுக்கும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கும் இடம் மாறியது.

இங்கிருந்து வெளியூர்வரை பரவி மனத்தை உலுக்கியவை யானைக் காணொளிகள்.

யூடியூபில் ஏறிய முதல் காணொளியிலும் யானைகள்தான் இருந்தன. சான் டியாகோ விலங்குக்காட்சிச் சாலையில் யூடியூப் நிறுவனர்களில் ஒருவரான ஜாவேத் கரீம் பேசும் அந்த 19 நொடிப் பதிவு 2005 ஏப்ரல் 23 அன்று வெளியானது. அங்கே யானைகள் அடைப்புக்குள் நின்றன. பாலக்கோடு, பென்னாகரம் பக்கமோ யானைகள் காட்டைவிட்டு வயலுக்கும் சாலைக்கும் வருகின்றன. படம் எடுப்பவருக்கும் அவற்றுக்கும் நடுவே தடுப்பு எதுவும் கிடையாது.

2023 மார்ச் மாதம் கொடுமையானது. 7ஆம் தேதி மாரண்டஅள்ளி அருகே விவசாய நிலத்தைச் சுற்றிச் சட்டவிரோதமாகப் போட்டிருந்த மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. தப்பிய இரண்டு குட்டிகள் தாய்களைச் சுற்றிச் சுற்றி வந்த காட்சி கைப்பேசிகளில் பரவியது. 18ஆம் தேதி கம்பைநல்லூர் அருகே, மேட்டில் ஏறிய ஆண் யானை ஒன்று தாழ்வாகச் சென்ற மின்கம்பியில் பட்டுச் சாய்ந்தது. அந்த நொடியும் பதிவாகியிருந்தது. கம்பி எவ்வளவு தாழ்வாகத் தொங்கியது என்பதை அந்தச் சில நொடிகள் சொன்ன அளவுக்கு எந்த அறிக்கையாலும் சொல்லியிருக்க முடியாது. சாதாரணக் கைப்பேசிப் படம் சாட்சியாக மாறுவது இப்படித்தான்.

அதே ஆண்டு மே மாதம் ஒகேனக்கல் சாலையில் எடுத்த காணொளி வேறு வகை. காரிலிருந்து இறங்கிய ஒருவர் சாலையோரக் காட்டு யானையின் முன்னால் போய்க் கைகளை உயர்த்தி நின்றார். கூட வந்தவர்கள் படம் பிடித்தார்கள். யானை பொறுமை காத்ததால் உயிர் தப்பினார். பரவிய காணொளியே வனத்துறைக்கு ஆதாரமாகி, அவருக்கு அபராதம் விதிக்கப்பட்டது.

ஆதாரமாகப் பயன்பட வேண்டிய பதிவை அனுப்பும் விதத்திலும் கவனம் வேண்டும். வாட்ஸ்அப்பில் வழக்கம்போல வீடியோவாக அனுப்பினால் செயலி அதைச் சுருக்கிவிடுகிறது. எடுத்த நேரமும் இடமும் பற்றி மூலக்கோப்பில் பதிந்திருக்கும் விவரங்கள் நீங்கிவிடுகின்றன. அதையே ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பினால் மூலக்கோப்பு அப்படியே போய்ச் சேரும்.