ஒற்றை மேற்கோளுக்குள் இன்னொரு மொழி

போன மாசம் தெரிஞ்ச ஒரு ஹார்டுவேர் கடைக்காக ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்று எழுதினேன். சரக்கின் பெயரைக் கொடுத்தால் எத்தனை இருப்பு என்று சொல்லும். ஆணி, பெயின்ட், சிமென்ட் எல்லாத்துக்கும் ஒழுங்காச் சொன்னது. 3/4" எல்போ என்று கேட்டதும் ‘சின்டாக்ஸ் எரர்’ காட்டிப் படுத்துவிட்டது. கெடுத்தது அந்த இஞ்ச் குறி. ஷெல்லுக்குள் நான் வைத்திருந்த ‘ஆக்’ நிரல், அந்தக் குறியோடு பெயர் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டது.

தப்பு என்னுடையதுதான். ஆனா இந்தத் தப்புக்கு நாற்பது வருஷத்துக்கு மேல் வயசு.

1977-ல் பெல் லேப்ஸில் ஏஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் என்ற மூவர் உருவாக்கிய மொழி ஆக். அவர்கள் பெயர்களின் முதலெழுத்துகள்தான் மொழியின் பெயர். ஒன்றிரண்டு வரியில் முடியும் நிரல்களை மனசில் வைத்துச் செய்தது. 1979-ல் வந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில் ஸ்டீவ் போர்னின் ஷெல்லும் இதுவும் ஒன்றாகவே வந்தன. இரண்டு வரி நிரலுக்குத் தனிக் கோப்பு எதற்கு? ஷெல் கட்டளையிலேயே ஒற்றை மேற்கோள் போட்டு உள்ளே எழுதிவிடுவார்கள்.

மேற்கோள் இல்லாமல் முடியாது. ஏன்னா இரண்டு மொழியிலும் $1 இருக்கிறது. ஷெல்லில் அது ஸ்கிரிப்டுக்குக் கொடுத்த முதல் சொல். ஆக்கில் படிக்கிற வரியின் முதல் பத்தி. ஒற்றை மேற்கோளுக்குள் இருப்பதை ஷெல் தொடவே தொடாது, அப்படியே கடத்திவிடும். அதனால் உள்ளே இருக்கும் $1 ஆக்குக்குச் சொந்தம்.

சரி, வெளியே ஷெல் மாறியில் இருக்கும் சரக்கின் பெயரை உள்ளே எப்படிக் கொண்டுபோவது? மேற்கோளை மூடு, மாறியை வை, மறுபடி திற. பழைய ஸ்கிரிப்டுகளில் '"$1"' என்று கொசு மொய்த்த மாதிரிப் பார்த்திருப்பீங்க. நானும் அதைத்தான் செய்திருந்தேன். இப்படி ஒட்டும்போது பெயர் வெறும் தரவாகப் போவதில்லை, நிரலின் எழுத்தாகவே போகிறது. ஆக்கில் ‘சிஸ்டம்’ என்ற ஃபங்ஷன் உண்டு. எந்த ஷெல் கட்டளையையும் ஓட்டும். சரக்குப் பெயர் கேட்ட இடத்தில் ஒருத்தர் மேற்கோளை மூடிவிட்டுத் தன் நிரலை எழுதினால், அதுவும் ஓடும். கடைக்குள்ளேயே இருந்ததால் எனக்கு எரரோடு போச்சு. அதே வரி ஒரு வெப்சைட்டின் பின்னால் இருந்திருந்தால் கதையே வேறு.

இரண்டு மொழி ஒரே கோப்பில் இருப்பது எப்பவும் விபத்தில்லை. 1980 ஜனவரியில் டென்னிஸ் ரிட்சி ஒரு மெயிலில் #! வசதியை அறிவித்தார்: கோப்பின் முதல் வரியே தன்னை எந்த மொழி ஓட்டணும் என்று சொல்லிவிடும். ஆனா எல்லா யுனிக்ஸுக்கும் அது சீக்கிரம் போய்ச்சேரவில்லை. 1987-ல் லாரி வால் பெர்ல் மொழியை வெளியிட்டபோதும் பல இயந்திரங்கள் எந்த ஸ்கிரிப்டையும் ஷெல்லிடமே கொடுத்தன. அதுக்குப் பெர்ல்காரர்கள் செய்த தந்திரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். முதல் வரி, ‘இந்தக் கோப்பைப் பெர்லிடம் கொடு’ என்ற கட்டளை. இரண்டாம் வரி, ‘இஃப் 0;’ அவ்வளவுதான். ஷெல்லுக்கு வரி முடிந்தால் கட்டளை முடிந்தது. உடனே பெர்லை அழைத்துவிட்டுத் தான் மறைந்துபோகும், இரண்டாம் வரியைப் பார்க்காது. பெர்லுக்கோ அரைப்புள்ளி வந்தால்தான் வாக்கியம் முடியும். அது இரண்டு வரியையும் சேர்த்துப் படிக்கும்: ‘பெர்லிடம் கொடு, 0 உண்மையானால்’. 0 எப்பவும் பொய், எனவே தாண்டிப் போய்விடும். ஒரே எழுத்து, இரண்டு வாசிப்பு, இரண்டும் சரி.

என் ஸ்கிரிப்டுக்கு வருவோம். மதிப்பை நிரலோடு ஒட்டாமல் தனியாகக் கொடுக்க ஆக்கில் ‘-வி’ ஆப்ஷன் இருக்கிறது. 1989-ன் சிஸ்டம் ஃபைவ் நான்காம் வெளியீட்டில் வந்தது. அதுக்கு மாற்றினேன், எல்போ சரியாச்சு. இரண்டு நாள் கழித்துக் கடையில் யாரோ அரை இஞ்ச் பைப்பை 1\2 என்று பதிந்திருந்தார்கள். ‘-வி’ பின்சாய்கோட்டுக்கு அர்த்தம் பார்க்கும். \2 என்பதைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டுப்பாட்டு எழுத்தாக மாற்றிவிட்டது. பைப் இருப்பு பூஜ்யம்! இப்போ பெயரை என்விரான்மென்ட் மாறியில் வைத்து அனுப்புகிறேன். அங்கே யாரும் அதைத் திறந்து படிப்பதில்லை.