தொண்டை நாட்டில் தச்சுக் கல்வி

ஆவடியைச் சேர்ந்த சேக்காடும் அதைச் சூழ்ந்த அம்பத்தூர், பூந்தமல்லிப் பகுதிகளும் பழைய தொண்டை நாட்டுக்குள் அடங்குவன. அந்நாட்டு மன்னன் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், உழவர் வீட்டுக் குழந்தைகள் உருட்டி விளையாடும் சிறுதேரைச் செய்து தருபவர்கள் தச்சச் சிறுவர்களே. ஏறி ஊர இயலாத அத்தேரிலும் சக்கரமும் அச்சும் அளவு பிசகாமல் பொருந்த வேண்டுமாதலால், அதை இளங்கைகளுக்கு இடப்பட்ட பயிற்சிப் பணி என்று கொள்வதில் தவறில்லை. தச்சனின் கைத்திறன் மிக்க சிறுவர்கள் மழுவோடு புகுந்தால் எந்தக் காட்டிலும் மரம் கிடைப்பதுபோல், கலைஞருக்கு எத்திசையிலும் சோறு உண்டு என்று புறநானூற்றில் ஔவையார் வாதிடுகிறார். நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன் ஒரே சக்கரத்துக்காக ஒரு மாதம் உழைப்பதை அதியமானின் வலிமைக்கு உவமையாக்கியவரும் அவரே. சிறுவனுக்கும் அந்தத் தச்சனுக்கும் இடைப்பட்ட காலம் எவ்வளவு என்பதைப் பாடல்கள் கணக்கிடவில்லை. கணக்கிட வேண்டிய தேவையும் அன்று இருந்திராது.

தமிழகத்தில் பெரிதும் பின்பற்றப்பட்ட மயமதம் என்னும் சிற்பநூல், கட்டடத் தொழிலாளரை நால்வகைப்படுத்துகிறது. பணி முழுவதையும் நடத்துபவர் ஸ்தபதி. நூல்பிடித்து அளவு குறிப்பவர் சூத்திரகிராகி. மரத்தையும் கல்லையும் செதுக்குபவர் தட்சகர். செதுக்கியவற்றை இணைப்பவர் வர்த்தகி. இவர்களுள் சூத்திரகிராகி, ஸ்தபதியின் மகனாகவோ மாணவனாகவோ இருப்பவர் என்று அந்நூல் கூறுவதால், குருகுலமும் குடும்பமும் ஒன்றாகவே எண்ணப்பட்டன என்பது விளங்கும். வைரம் எனப்படும் உள்மரத்தையும் வெளிறு எனப்படும் புறமரத்தையும் பிரித்தறிவது, உளியைச் சாணை பிடிப்பது, இழைப்புளியை மரத்தின் ரேகை பார்த்துத் தள்ளுவது போன்றவை சொல்லால் அன்றிக் கண்ணாலும் கையாலும் பல்லாண்டு பழகி வருபவை என்பதால், ஆசிரியர் அருகிலேயே வாழும் அந்த ஏற்பாடு தொழிலின் இயல்புக்கு ஒத்ததாகவே இருந்தது. ஆனால் அது பெரும்பாலும் கம்மாளர் என்னும் கைவினைஞர் குடிக்குள் அடைபட்டிருந்தது.

அந்த அடைப்பு பத்தொன்பதாம் நூற்றாண்டில் தளரத் தொடங்கியது. மருத்துவரான அலெக்சாண்டர் ஹன்டர் 1850இல் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளி, பின்னர் அரசின் பொறுப்புக்கு வந்து, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கவின்கலைக் கல்லூரியாக இன்றும் இயங்குகிறது. 1856 ஜூலை 1இல் ராயபுரத்திலிருந்து அம்பத்தூர், ஆவடி வழியாக வாலாஜா ரோடு வரை ரயில் ஓடியது. அதே ஆண்டில் பெரம்பூரில் ரயில்பெட்டிப் பணிமனையும் அமைந்தது. அக்காலப் பெட்டிகளின் உடல் பெரிதும் மரத்தாலானதாகையால் தச்சருக்கு அங்கே தேவை மிகுந்தது; எனினும் அங்கே வேலையை அளந்தது கடிகாரம்.

விடுதலைக்குப் பின் 1950இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின்கீழ்த் தொழிற்பயிற்சி நிலையங்கள் எழுந்தன. அம்பத்தூரிலும் ஓர் அரசு நிலையம் உண்டு. தலைமுறைக் கல்வி இவ்வாறு பாடத்திட்டமாகச் சுருங்கியதை வெறும் இழப்பு என்பது பொருந்தாது. தச்சர் குடியில் பிறவாதவருக்கு உளி கிடைத்தது அவ்வழியில்தான். பயிற்சி நிலையத்தில் கற்பது போதாது என்பதை அரசும் உணர்ந்திருந்தது. 1961ஆம் ஆண்டின் தொழில்பழகுநர் சட்டம், இளைஞரை மீண்டும் பட்டறைக்குள் அனுப்பி, உதவித்தொகையுடன் பழகச் செய்தது.

இரு முறைகளும் வெளிப்படையாகக் கைகோத்த இடம் மாமல்லபுரம். 1957இல் அங்கே அரசு நிறுவிய சிற்பப் பயிற்சி நிலையத்தின் முதல் தலைவராக, பரம்பரைச் சிற்பியான வைத்தியநாத ஸ்தபதி அமர்த்தப்பட்டார். அவருக்குப் பின் அவர் மகன் கணபதி ஸ்தபதி அப்பொறுப்பைப் பல்லாண்டுகள் வகித்தார்.