பெரம்பூர்த் தொகுதி: உரிமையின் வரலாறு

சென்னையின் வடபுறத்தில் பழைய புறநகராக விளங்கிய பெரம்பூர், ஆலைச் சங்கொலியோடு வளர்ந்த ஊராகும். 1856ஆம் ஆண்டில் இங்கு இரயில்வே பணிமனை தோன்றியது. அடுத்து 1876இல் பக்கிங்காம் ஆலையும், 1881இல் கர்நாடிக் ஆலையும் அமைந்தன. மக்கள் இவற்றைப் பின்னி ஆலை என்றே வழங்கினர். நிலமின்றி, கூலியின்றிச் சிற்றூர்களிலிருந்து வந்த நம் மக்கள் பலர், சாதியின் பெயரால் அன்றித் தொழிலின் பெயரால் அழைக்கப்படும் வாய்ப்பை இவ்வாலைகளிற் கண்டனர். ஆனால் 1921ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின்போது சாதிப் பிளவு தொழிலாளரிடையே புகுந்தது. புளியந்தோப்பில் கலகம் மூண்டது; குடிசைகள் எரிந்தன. உழைப்பால் ஒன்றுபட்டோரையும் சாதி பிரிக்கும் என்ற கசப்பான பாடத்தை நம் முன்னோர் அன்று கற்றனர்.

அக்காலத்தில் சொத்தும் வரியும் உடையோருக்கே வாக்குரிமை இருந்தது. குடிசைவாசிக்கு அது எட்டாக்கனி. 1920இல் சென்னைச் சட்டமன்றத்தில் நம்மவர் குரலாக எம்.சி. ராஜா அமர்ந்ததும் நியமனத்தின் வழியேதான். 1932ஆம் ஆண்டுப் பூனா ஒப்பந்தம் மாகாணச் சட்டமன்றங்களில் 148 இடங்களை ஒதுக்கியது. அவற்றுள் 30 சென்னை மாகாணத்திற்குரியவை. எனினும், வயது வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு என்னும் நிலை குடியரசின் முதற் பொதுத் தேர்தலான 1952இல்தான் நனவாயிற்று. ஆலை முதலாளிக்கும் ஆலை வாயிலைப் பெருக்குபவருக்கும் வாக்கின் மதிப்பு ஒன்றே என்றானது.

1957ஆம் ஆண்டுத் தேர்தலில் பெரம்பூர் மக்கள் சத்தியவாணி முத்து அம்மையாரைத் தேர்ந்தெடுத்தனர். 1962இல் தோல்வியுற்ற அவர், 1967இலும் 1971இலும் மீண்டும் வென்றார். அண்ணாவின் அமைச்சரவையில் அரிசன நலத்துறையை ஏற்றார். தாழ்த்தப்பட்டோர் நலன் புறக்கணிக்கப்படுகிறது எனக் கூறி 1974இல் பதவியைத் துறந்து, தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கினார். 1977இல் அக்கழகம் அ.இ.அ.தி.மு.க.வுடன் இணைந்தது. 1979இல் அவர் மத்திய அமைச்சருமானார். அவருடைய அரசியல் முடிவுகளை ஏற்போரும் மறுப்போரும் உளர். ஆயினும், சமூகத்தின் குறையைச் சொல்ல அமைச்சர் பதவியையே விடத் துணிந்ததை எவரும் மறுக்க இயலாது.

2006ஆம் ஆண்டுத் தேர்தல் வரை பெரம்பூர் தனித்தொகுதியாக இருந்தது. இதற்கிடையே, 1996இல் பின்னி ஆலை மூடப்பட்டது; தலைமுறை தலைமுறையாக அதனை நம்பிய குடும்பங்கள் திகைத்தன. 2008ஆம் ஆண்டுத் தொகுதிச் சீரமைப்பில், 2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி எல்லைகள் மாறின. பெரம்பூர் பொதுத்தொகுதியாயிற்று. அண்டையில் புதிதாக உருவான திரு.வி.க. நகர் தனித்தொகுதியாயிற்று. 2011ஆம் ஆண்டுத் தேர்தல் இப்புதிய எல்லைகளிலேயே நடைபெற்றது.

இம்மாற்றம் யாருடைய விருப்பு வெறுப்பாலும் விளைவதன்று. நம் மக்கள் விகிதம் மிகுந்த பகுதிகளில், மாநிலத்தின் பல பாகங்களிலும் பரவலாகத் தனித்தொகுதிகள் அமைய வேண்டும் என்பது சட்டம். சீரமைப்பு ஆணையம் தன் வரைவினை அரசிதழில் வெளியிடும், ஆட்சேபங்களைக் கேட்கும், பொது அமர்வுகள் நடத்தும். அந்த அரசிதழைப் படித்துப் பொருள் கொள்ளவும், கணக்கைச் சரிபார்க்கவும், மனு எழுதி அமர்வில் எழுந்து பேசவும் நம் தெருவில் எத்தனை பேர் உளர்? மக்கள்தொகைக் கணக்கெடுப்பாளர் வீட்டு வாயிலில் வந்து நிற்கும்போது விவரங்களைத் திருத்தமாகச் சொல்லத் தெரிந்தோர் எத்தனை பேர்? நம் எண்ணிக்கை குறைவாகப் பதியுமாயின், நம் உரிமையும் குறைவாகவே அளக்கப்படும்.

சட்டமன்ற, நாடாளுமன்ற ஒதுக்கீடு முதலிற் பத்தாண்டுகளுக்கே வகுக்கப்பட்டது. பின்னர்த் தொடர்ந்து நீட்டிக்கப்பட்டு, 104ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தால் 2030 வரை நிற்கிறது. எல்லையும் மாறும், ஒதுக்கீடும் இடம் பெயரும், ஆலையும் மூடப்படும். கற்ற கல்வியை எவரும் வரைபடத்திலிருந்து அழித்தல் இயலாது. நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழா வேளையில், இத்தொகுதியின் வரலாற்றை நம் பிள்ளைகளுக்குச் சொல்லுவோம். வாக்குச்சீட்டைப் பெற்றுத் தந்தோர் நம் முன்னோர். அதனைப் பொருளுடையதாக்கும் கடமை நம்முடையது.