வயல் கேட்ட கேள்வியும் வேளாண் மேற்படிப்பும்
(வானொலியில் ஒலிபரப்பான வேளாண் உரையின் எழுத்து வடிவம்)

கடலூர், சிதம்பரம் பக்கத்து ஊர்களில் ஒரு கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது. "பையன் பி.எஸ்ஸி. அக்ரி முடிச்சுட்டான். மேலே ரெண்டு வருஷம் எம்.எஸ்ஸி. படிக்க வைக்கலாமா, இல்லே ஏதாவது வேலையில சேரச் சொல்லலாமா?" என்கிறார் ஒருவர். "பொண்ணு மேற்படிப்பு படிச்சே ஆகணும்னு ஒத்தைக்கால்ல நிக்குது. அதுல அப்படி என்னதான் இருக்கு?" என்கிறார் இன்னொருவர். நாலு ஏக்கர் நிலமும் அதன்மேல் கூட்டுறவுக் கடனும் வைத்திருக்கிறவருக்கு இது சின்னக் கேள்வி இல்லை. இரண்டு வருஷச் செலவு ஒரு பக்கம். அந்த இரண்டு வருஷமும் சம்பாத்தியம் இல்லை என்பது இன்னொரு பக்கம்.

இதற்கு "சேருங்கள்" என்றோ "வேண்டாம்" என்றோ ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிவிட முடியாது. இந்தப் படிப்பு எப்படி உண்டாயிற்று, நம்ம வட்டாரத்துக்கு என்ன செய்தது என்ற வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம். பதில் அதற்குள்ளேயே இருக்கிறது.

சைதாப்பேட்டையிலிருந்து கோவைக்கு

நம்ம மாநிலத்தில் வேளாண் கல்வி 1868-இல் சென்னை சைதாப்பேட்டையில் ஒரு பள்ளியாகத் தொடங்கியது. 1906-இல் அது கோயம்புத்தூருக்கு மாறி, கல்லூரியாக வளர்ந்தது. பட்டம் வாங்கியவர்களுக்கு அதற்குமேல் படிக்க அந்தக் காலத்தில் இங்கே வழி இல்லை. பீகாரில் பூசா என்ற ஊரில் 1905-இல் தொடங்கிய ஆராய்ச்சி நிலையத்துக்குத்தான் போக வேண்டும். 1934-இல் பீகாரில் பெரிய பூகம்பம் வந்து கட்டடங்கள் இடிந்துவிடவே, 1936-இல் அந்த நிலையம் டெல்லிக்கு வந்தது. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதன் கோவையில் வேளாண் பட்டம் பெற்றுவிட்டு மேற்படிப்புக்குப் போனது அந்த டெல்லி நிலையத்துக்குத்தான்.

கோவைக் கல்லூரி முதுகலை, முனைவர் பட்டங்களுக்கான மையமாக அங்கீகாரம் பெற்றது 1958-இல். 1971-இல் அது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக ஆயிற்று. இந்தப் பக்கம், 1929-இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் வேளாண் படிப்பு வந்தது. கொள்ளிடத்துக் கடைமடையில், வயலுக்கு நடுவே படிக்கலாம் என்ற வசதி நம்ம பிள்ளைகளுக்குக் கிடைத்தது. 2013-இல் அந்தப் பல்கலைக்கழகத்தின் நிர்வாகத்தை மாநில அரசே எடுத்துக்கொண்டது.

கல்லூரி வரும் முன்பே வந்த பண்ணை

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் வருவதற்கு இருபது வருஷத்துக்கு மேல் முன்னாலேயே, கடலூருக்குப் பக்கத்தில் பாலூரில் ஆராய்ச்சிப் பண்ணை வந்துவிட்டது. அதுவும் 1905-இல்தான். பூசாவுக்கும் பாலூருக்கும் ஒரே வயசு! பழைய தென்னாற்காடு மாவட்டம் அப்போது நிலக்கடலைக்குப் பேர் போன சீமை. நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஓடிக்கொண்டிருந்தது. பயிர் இருந்தது, பயிரோடு பிரச்சினையும் இருந்தது. அதனால் ஆராய்ச்சி பயிரைத் தேடி வந்தது.

பாலூர் இன்றைக்குக் காய்கறி ஆராய்ச்சி நிலையமாக இருக்கிறது. அங்கிருந்து வெளிவந்த 'பாலூர் 1' பலா எங்கிருந்து வந்தது தெரியுமா? பண்ருட்டிப் பக்கத்தில் பணிக்கன்குப்பம் கிராமத்துப் பலாவிலிருந்து தேர்ந்தெடுத்தது. நம்ம முன்னோர் நட்டு வளர்த்த மரத்தைப் பார்த்து, காய்ப்பை அளந்து, தாய்மரத்தின் குணம் மாறாமல் பெருக்கிக் கொடுத்தது நிலையத்தின் வேலை. விவசாயி கண்டதை ஆராய்ச்சியாளர் கணக்கெடுத்தார். மேற்படிப்பு என்பதன் முதல் பாடம் இதுதான்: பார்க்கிறது, அளக்கிறது, எழுதி வைக்கிறது.

ஒரு கரும்பின் கதை

இரண்டாவது பாடத்தைக் கரும்பு சொல்லிக் கொடுக்கும். 1900-ஐ ஒட்டிய வருஷங்களில் கோதாவரி டெல்டாவில் செவ்வழுகல் நோய் வந்து கரும்பு அழிந்தது. கரும்பைப் பிளந்தால் உள்ளே சிவந்திருக்கும், நடுநடுவே வெள்ளைத் திட்டு தெரியும், சாராய வாடை அடிக்கும். பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சென்னை மாகாண அரசின் தாவரவியலாளர் பார்பர் இந்த நோயை ஆராய்ந்தார். 1912-இல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கியபோது அவரே அதன் தலைவரானார். அவரோடு சேர்ந்து வேலை பார்த்தவர் நம்ம டி.எஸ்.வெங்கட்ராமன். வெள்ளைக் கரும்பையும், தண்ணீர்க் கரையில் தானாக முளைத்துக் கிடக்கும் நாணல் போன்ற பேய்க்கரும்பையும் கலந்து 'கோ 205' என்ற ரகத்தை உண்டாக்கினார்கள். 1918-இல் அது பஞ்சாப் வரைக்கும் போயிற்று. மாடு மேய்கிற பேய்க்கரும்புக்குள் இப்படி ஒரு பலம் இருக்கும் என்று யார் நினைத்தார்கள்?

அதே நிலையத்தில் 1930-களில் வேலை பார்த்தவர் ஜானகி அம்மாள். தலச்சேரியில் பிறந்து, அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முதுகலையும் 1931-இல் டாக்டர் பட்டமும் பெற்றவர். "பொண்ணுக்கு எதுக்கு விவசாய ஆராய்ச்சி?" என்று கேட்கிறவர்களுக்கு, ஏறக்குறைய நூறு வருஷத்துக்கு முன்னாலேயே அந்த அம்மாள் பதில் சொல்லிவிட்டார்.

இப்போது கடலூருக்கு வருவோம். கடலூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1970-களில் 'கோ.க. 671' வந்தது. 'கோ' என்றால் கோவை, 'க' என்றால் கடலூர். சீக்கிரம் முற்றும், சர்க்கரைச் சத்து அதிகம். மகாராஷ்டிரம், குஜராத் விவசாயிகளும் ஆலைக்காரர்களும் இதைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். நம்ம ஊர் பேர் தாங்கிய கரும்பு அத்தனை தூரம் போயிற்று.

அப்புறம் என்ன ஆயிற்று? அதே செவ்வழுகல் திரும்பி வந்தது. 671-ஐத் தாக்கியது. பல இடங்களில் அந்த ரகத்தைக் கைவிட வேண்டியதாயிற்று. அதோடு கதை முடிந்துவிட்டதா? இல்லை. அதன் வித்து போகவில்லை. கோவையில் கோ 62198 என்ற கரும்போடு 671-ஐச் சேர்த்ததில் பிறந்ததுதான் 'கோ 86032'. 2000-த்தில் வெளியிட்ட அந்த ரகம் தமிழ்நாடு, கர்நாடகம், மகாராஷ்டிரம் எங்கும் பரவிக் கிடக்கிறது. நீங்கள் 86032 நட்டிருந்தால், உங்கள் கொல்லையில் நிற்பது கடலூர்க் கரும்பின் வாரிசு!

வடக்கே கோ 0238 என்ற ரகம் உத்தரப் பிரதேசத்தில் கொடிகட்டிப் பறந்தது. அதையும் கடந்த சில வருஷங்களாகச் செவ்வழுகல் பிடித்து ஆட்டுகிறது. 1900-இல் வயல் கேட்ட கேள்வியை நூற்றிருபது வருஷம் கழித்தும் வயல் கேட்கிறது. ஒரு தலைமுறை சொன்ன பதில் அடுத்த தலைமுறைக்குப் பற்றாது. பதில் சொல்ல ஆள் வந்துகொண்டே இருக்க வேண்டும். முதுகலை, முனைவர் படிப்பு என்பது அந்த ஆளைத் தயார் பண்ணுகிற பட்டறைதான். வீட்டுச் சுவரில் மாட்டி வைக்கிற பட்டத்துக்காக ஏற்பட்டது அல்ல.

பிச்சாவரம் சொன்ன பாடம்

பயிர் மட்டும்தான் விவசாயப் படிப்பா? மண், தண்ணீர், காடு, கடல், மனுஷன் எல்லாம் சேர்ந்ததுதான் கிராம வளம். அதைக் காப்பாற்றுகிற படிப்புக்கு நல்ல உதாரணம் சிதம்பரத்துக்குக் கிழக்கே இருக்கிறது. பிச்சாவரத்து அலையாத்திக் காடு பல இடங்களில் பட்டுப்போய்ப் பொட்டலாகக் கிடந்தது. சுற்றுப்பட்டு ஜனங்கள் விறகு வெட்டியதும் மாடு மேய்த்ததும்தான் காரணம் என்று பழி போட்டார்கள்.

எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990-களில் வந்து ஆராய்ந்தபோது வேறு காரணம் தெரிந்தது. முன்பு காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து மொட்டையாக வெட்டும் முறை இருந்தது. வெட்டிய இடத்தில் வெயில் பட்டுச் சேற்றுமண் காய்ந்து, தரை தொட்டி மாதிரி உள்வாங்கியது. உள்ளே வந்த கடல்நீர் வெளியேறாமல் தேங்கி, வற்றி, உப்பு ஏறிவிட்டது. அந்த உப்பில் எந்தக் கன்று பிழைக்கும்? நோய் தெரிந்ததும் மருந்தும் தெரிந்தது. மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டினார்கள். ஓதம் ஏறும்போது தண்ணீர் வந்தது, வடியும்போது உப்பைக் கழுவிக்கொண்டு போயிற்று. வனத்துறையும் கிராம மக்களும் சேர்ந்து கன்று நட்டுக் காப்பாற்றினார்கள். பழி சுமந்த ஜனங்களே காவலர்கள் ஆனார்கள்.

2004 டிசம்பர் 26-இல் சுனாமி வந்தது. கடலூர் மாவட்டக் கடற்கரையை ஆராய்ந்தவர்கள், மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று 2005-இல் எழுதினார்கள். காரணத்தைச் சரியாகக் கண்டுபிடிக்கிற படிப்பு எத்தனை வீட்டைக் காப்பாற்றும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

நம்மாழ்வார் கேட்ட கேள்வி

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் வரலாறு முழுசாகாது. தஞ்சை மாவட்டம் இளங்காட்டில் 1938-இல் பிறந்த நம்மாழ்வார், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண் பட்டம் பெற்றவர். 1963-இல் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அது மானாவாரிச் சீமை. மழையை நம்பி விதைக்கிற ஏழை விவசாயிக்கு, விலை அதிகமான உரத்தையும் விதையையும் வைத்து நடக்கிற ஆராய்ச்சி எப்படி உதவும் என்று கேட்டார். பதில் கிடைக்கவில்லை. வேலையை விட்டுவிட்டு, 2013-இல் மறையும் வரைக்கும் ஊர் ஊராக நடந்து இயற்கை வேளாண்மையைச் சொன்னார். காந்திகிராமப் பல்கலைக்கழகம் பிற்காலத்தில் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது.

அவர் சொன்ன முறையை ஏற்கிறவர்களும் உண்டு, ஏற்காதவர்களும் உண்டு. அந்த வழக்குக்குள் இப்போது போக வேண்டாம். அவர் கேட்ட கேள்வி மட்டும் எல்லோருக்கும் பொது: "இந்த ஆராய்ச்சி யாருக்காக?" வயலை விட்டு விலகிய படிப்பு வெறும் காகிதமாகிவிடும்.

அண்ணாமலை நகர் வேளாண் புலத்தார் நம்ம மாவட்டத்து விவசாயிகள் நிலத்திலேயே செய்து காட்டிய நெல்–மீன்–கோழிப் பண்ணை அந்தக் கேள்விக்கு ஏற்ற பதில். நெல் வயலின் ஓரத்தில் பள்ளம் எடுத்து மீன் விடுவது, வயலுக்கு மேலே கூண்டு கட்டிக் கோழி வளர்ப்பது. கோழி எச்சம் தண்ணீரில் விழுந்து மீனுக்கு இரையாகும், நெல்லுக்கு எருவாகும். மீன் களையைத் தின்னும். தண்ணீர் நிற்கிற கடைமடை நிலத்துக்குப் பொருத்தமான யோசனை.

என்ன படிக்கலாம், எப்படித் தேர்ந்தெடுப்பது?

முதுகலை வேளாண்மை இரண்டு வருஷப் படிப்பு. உழவியல், பயிர் இனப்பெருக்கம், மண்ணியல், பூச்சியியல், பயிர் நோயியல், வேளாண் பொருளாதாரம், விரிவாக்கம், தோட்டக்கலை என்று பல பிரிவு உண்டு. அண்ணாமலை நகரிலும் கோவையிலும் படிக்கலாம். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுதினால் வெளிமாநிலத்துக்கும் போகலாம், தகுதிக்கு ஏற்ப உதவித்தொகையும் கிடைக்கும். கடல் வளத்தில் நாட்டமுள்ள பிள்ளைக்குப் பரங்கிப்பேட்டையில், வெள்ளாற்று முகத்துவாரத்திலேயே, கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. கிராம மேம்பாட்டுக்குக் காந்திகிராமம் இருக்கிறது. கிராம நிர்வாகவியலுக்கு, பால்காரர்களின் கூட்டுறவை வளர்த்த குரியன் 1979-இல் குஜராத் ஆனந்தில் தொடங்கிய நிறுவனம் இருக்கிறது.

விரிவாக்கப் பிரிவை இளப்பமாக நினைக்காதீர்கள். 1960-களின் கடைசியில் தஞ்சையில் ஏ.டி.டி. 27 நெல்லை வானொலி கேட்டே விவசாயிகள் பயிரிட்டார்கள். 'ரேடியோ நெல்' என்றே அதற்குப் பேர் விழுந்தது. கண்டுபிடித்தால் போதாது, காதுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கவும் படித்த ஆள் வேண்டும்.

அதனால் பிள்ளையிடம் "எந்தக் காலேஜ்?" என்று முதலில் கேட்காதீர்கள். "நீ எந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போறே?" என்று கேளுங்கள். கேள்விக்கு நம்ம ஊரில் பஞ்சமில்லை. 2011 டிசம்பர் 30-இல் வந்த தானே புயல் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்ததே, காற்றைத் தாங்கும் தோப்பை எப்படி அமைப்பது? கடலோர நிலத்துக் கிணற்றில் உப்பு ஏறாமல் எப்படித் தடுப்பது? பிள்ளை இப்படி ஒரு கேள்வியைச் சொல்லி, அதைத் தன் கண்ணால் பார்த்த வயலையும் காட்டினால், தைரியமாகப் படிக்க வையுங்கள். வேலை கிடைக்கும்வரை சும்மா இருக்க வேண்டாமே என்று சேர்வதானால், ஒரு வருஷம் உங்களோடு வயலில் இறங்கி வேலை செய்யச் சொல்லுங்கள். கேள்வி அங்கே கிடைத்தாலும் கிடைக்கும். அதற்கப்புறம் சேர்ந்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.

சேர்ந்த பிறகும் உங்கள் வேலை முடிவதில்லை. ஆய்வுக்கு ஒரு மூலை நிலம் கேட்டால் கொடுங்கள். நீங்கள் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதை ஒளிக்காமல் சொல்லுங்கள். பணிக்கன்குப்பத்துப் பலா அப்படித்தான் ஊரைத் தாண்டி வெளியே போயிற்று.