வீட்டுப் பட்டறை மரவிமானம்

தனி ஒருவர் தம் வீட்டுத் தச்சுப் பட்டறையில், வரைபடத்தைப் பார்த்து, மரம், ஒட்டுப்பலகை, துணி ஆகியவற்றைக் கொண்டு தமக்காகக் கட்டிக்கொள்ளும் சிறு விமானம். 1903இல் பறந்த ரைட் சகோதரர்களின் விமானமும் டேட்டன் நகரத்துச் சைக்கிள் கடையில் ஸ்புரூஸ் மரமும் மஸ்லின் துணியும் கொண்டு உருவானதுதான். பாரிஸில் வாழ்ந்த பிரேசில்காரர் சாண்டோஸ் டூமோன், தம் ‘டெமுவாசெல்’ விமானத்துக்குக் காப்புரிமை கோராமல், யாரும் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

இத்துறையின் உண்மையான நாயகர் பெர்னார்ட் பீட்டன்போல். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், செர்ரி குரோவ் என்ற சிற்றூரில் வாழ்ந்த மெக்கானிக். தொழிலைத் தாமே கற்றவர். விமான எஞ்சின் விலை கட்டுப்படியாகாத காலம் அது. ஃபோர்டு மாடல் ஏ காரின் 40 குதிரைத்திறன் எஞ்சினை இருவர் அமரும் மரவிமானத்தில் பொருத்தி, 1929இல் பறந்தார். அதுவே ‘ஏர் கேம்பர்’. அதன் வரைபடங்கள் 1932இல் ஒரு கைவினை இதழின் ஆண்டுமலரில் வெளிவந்தன. இன்றும் அதைப் பார்த்துக் கட்டுகிறார்கள்.

பிரான்சில் ஆன்ரி மிஞே 1933இல் ‘பூ-து-சியெல்’ விமானத்தைப் பறக்கவிட்டு, மறு ஆண்டே அதைக் கட்டும் விதத்தை நூலாக எழுதினார். ஐரோப்பாவெங்கும் கொட்டகைகளில் அது உருவானது. விபத்துகளும் தொடர்ந்தன, உயிர்கள் போயின. காற்றுச்சுரங்கச் சோதனைகள் காரணத்தைக் காட்டின: விமானம் ஓரளவுக்கு மேல் மூக்கு தாழ்ந்துவிட்டால், முன்பின் இறக்கைகளுக்கு இடையே ஓடும் காற்று அதை நிமிரவிடவில்லை. கட்டியவர்களின் கைவேலையில் குறையில்லை. குறை வடிவமைப்பில் இருந்தது.

அமெரிக்காவில் 1930களின் இறுதியில் வீட்டில் கட்டிய விமானங்கள்மீது சட்டம் இறுகியது. ஓரிகன் மாநிலத்தில்தான் இந்த ஆர்வம் அணையாமல் இருந்தது. அங்கிருந்து ஜார்ஜ் போகார்டஸ் 1947இல் தம் சிறு விமானத்திலேயே வாஷிங்டன் சென்று அனுமதி கேட்டு வாதாடினார். 1953இல் பால் போபெரெஸ்னி விஸ்கான்சினில், வீட்டில் விமானம் கட்டுவோருக்காகச் சோதனை விமானச் சங்கத்தைத் தொடங்கினார். பிரான்சில் 1948இல் பறந்த ஜோலி, டெலமோன்டேஸ் இருவரின் ‘ஜோடெல்’ வீட்டுப் பட்டறைகளுக்கு மீண்டும் வேலை கொடுத்தது.

செய்முறை பொறுமையைக் கேட்பது. இறக்கையின் குறுக்குவெட்டைப் பலகையில் முழு அளவில் வரைந்து, கோட்டை ஒட்டிச் சிறு கட்டைகளை அறைவார்கள். மெல்லிய ஸ்புரூஸ் சட்டங்களை அவற்றுக்குள் வளைத்துப் பொருத்தி, ஒவ்வொரு மூட்டிலும் ஒட்டுப்பலகைத் துண்டைப் பசையிட்டு ஒட்டுவார்கள். பசை காய்ந்ததும் ஒரு விலாச் சட்டம் தயார். அடுத்ததையும் அதே அச்சில் செய்யலாம். மரத்தில் கணு இருக்கக் கூடாது; ரேகை நேராக ஓட வேண்டும்.

மரத்தைவிடப் பசையே உயிர்நாடி. 1931இல் கான்சாஸில் எட்டுப் பேருடன் விழுந்த ஃபோக்கர் பயணிகள் விமானத்தின் மர இறக்கையில் ஈரம் பசையை அழித்திருந்தது. பாலிலிருந்து எடுத்த கேசீன் பசையின் இடத்தை ரெசார்சினாலும் எபாக்சியும் பிடித்ததற்கு இந்த ஈரப்பயமே முதற்காரணம். ஒவ்வொரு முறை பசை கலக்கும்போதும் ஒரு மாதிரித் துண்டை ஒட்டி, காய்ந்தபின் உடைத்துப் பார்ப்பது கட்டுபவர்களின் வழக்கம். மரம் கிழிய வேண்டும்; பசைக்கோடு பிரிந்தால் அந்த வேலை செல்லாது.

அமெரிக்கச் சட்டப்படி, வேலையில் பாதிக்கு மேல் கற்றலுக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ அமெச்சூர்கள் தாமே செய்திருக்க வேண்டும். அப்படிக் கட்டியவர் உரிய சான்றிதழைப் பெற்று, தம் விமானத்தின் ஆண்டுச் சோதனையைத் தாமே செய்துகொள்ளலாம்.